தீராத இம்ப்ளான்ட் தொற்றும் மெதுவாக வளரும் பாக்டீரியாவும்: சந்தேகம் முதல் சிகிச்சை வரை முழுமையான வழிகாட்டி

செயற்கை மூட்டு, எலும்பில் வைத்த பிளேட், பேஸ்மேக்கர், இதய வால்வு என உடலுக்குள் வைத்த ஒரு பொருளில் தொற்று வருகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் அடங்குகிறது. மருந்தை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி தலைதூக்குகிறது. இப்படி நடந்தால் மருந்துக்கு எதிர்ப்பு பெற்ற கிருமி என்றோ, பயோஃபிலிம் (பொருளின் மேல் கிருமிகள் கூட்டமாக ஒட்டிப் படரும் படலம்) என்றோ நினைப்பதுதான் வழக்கம். இரண்டும் நியாயமான சந்தேகங்கள்தான். ஆனால் அவற்றோடு சேர்ந்து நிற்கும் மூன்றாவது காரணம் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. அதே பாக்டீரியா தன் வளர்ச்சியைத் தானே குறைத்துக்கொண்டு, வேறு உருவத்தில் வாழத் தொடங்கியிருக்கலாம். இதைத்தான் சிறு காலனி வகை, சுருக்கமாக எஸ்.சி.வி. என்கிறார்கள்.

மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள், ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், இந்தப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டு விவரம் தேடும் நோயாளிகள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வகப் பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கும். காரணம் இருக்கிறது. இந்தத் தொற்றில் பெரும்பாலான சறுக்கல்கள் அறுவை அரங்கில் நடப்பதில்லை. மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டைச் சீக்கிரமே எடுத்து வீசிவிடுவதில் நடக்கின்றன.

முதலில், இந்த பாக்டீரியா என்ன செய்கிறது?

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை எடுத்துக்கொள்வோம். இம்ப்ளான்ட் தொற்றில் முன்னணியில் நிற்பது அதுவும் அதன் உறவான ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸும்தான். வழக்கமான ஆரியஸ் ரத்த அகாரில் (ரத்தம் கலந்த, கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) ஒரே இரவில் பெரிய, மஞ்சள் சாயல் கொண்ட காலனியாக, அதாவது கிருமிகள் கூடிய புள்ளியாக, வளரும். சுற்றிலும் ரத்த அணுக்கள் சிதைந்த தெளிவான வளையம் தெரியும். எஸ்.சி.வி. அப்படி இல்லை. 24 மணி நேரத்தில் தட்டு காலியாகத் தெரியலாம். 48 முதல் 72 மணி நேரத்தில்தான் ஊசிமுனை அளவுக் காலனிகள் தென்படும். அளவு சாதாரணக் காலனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நிறம் இருக்காது, வளையமும் இருக்காது, இருந்தாலும் மங்கலாக இருக்கும்.

உள்ளே நடந்திருப்பது ஆற்றல் உற்பத்தியில் ஒரு தடை. பாக்டீரியாவின் சவ்வில் எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆற்றல் எடுக்கும் ஒரு தொடர் அமைப்பு உண்டு. அதற்கு ஹீம், மெனாகுவினோன் போன்ற பொருள்கள் தேவை. இவற்றைத் தயாரிக்கும் ஜீன்களில் பழுது வந்தால் அந்தத் தொடர் பாதியில் நின்றுவிடும். அடுப்பை அணைக்காமல் சிம்மில் வைத்த மாதிரி, பாக்டீரியா குறைந்த ஆற்றலில் உயிரோடு இருக்கும். வெளியிலிருந்து ஹீமினோ மெனடயோனோ கிடைத்தால் அது பழைய வேகத்துக்குத் திரும்பும். தைமிடின் என்ற டி.என்.ஏ. மூலப்பொருளைத் தானே தயாரிக்க முடியாத மூன்றாவது வகையும் உண்டு. இந்த மூன்றும் நன்றாகப் படித்தறியப்பட்டவை. நிலையான ஜீன் மாற்றம் எதுவும் கண்டுபிடிக்க முடியாமல், சூழலைப் பொறுத்து இப்படியும் அப்படியும் மாறுகிற வகைகளும் நோயாளிகளிடம் ஏராளமாகக் கிடைக்கின்றன.

இந்த ஒரே மாற்றத்திலிருந்து மற்ற எல்லாம் கிளைவிடுகின்றன. ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடு மருந்துகள் பாக்டீரியாவுக்குள் நுழைய, சவ்வின் மின்னழுத்தம் போதுமான அளவு இருக்க வேண்டும். எலக்ட்ரான் தொடர் மந்தமானால் அந்த அழுத்தம் குறையும். மருந்து வாசலிலேயே நின்றுவிடும். பெனிசிலின் குடும்ப மருந்துகள் செல் சுவரைக் கட்டும் வேலையில் கை வைப்பவை. கட்டுமானமே மெதுவாக நடக்கும்போது அவற்றின் கொல்லும் திறனும் குறைகிறது. ஆல்ஃபா நச்சு போன்ற நச்சுகளை எஸ்.சி.வி. குறைவாகவே சுரக்கும். அதனால் அது நுழைந்த மனித செல் செத்துவிடாமல் கிருமிக்குப் பாதுகாப்பான அறையாகிவிடுகிறது. எலும்பு செல்கள், ரத்தக்குழாயின் உள்வரிச் செல்கள், இணைப்புத் திசு செல்கள் எல்லாவற்றுக்குள்ளும் இது தங்கக்கூடும். அங்கே நோயெதிர்ப்பு செல்களின் கண்ணிலும் படாது, செல்லுக்குள் நன்றாக நுழையாத மருந்துகளும் தொடாது.

இதில் இம்ப்ளான்ட்டின் பங்கு என்ன? அந்நியப் பொருள் ஒன்று உடலில் இருந்தாலே தொற்று பிடிக்கத் தேவையான கிருமி எண்ணிக்கை சரிந்துவிடுகிறது. 1957இல் எலெக், கோனன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தன்னார்வலர்களிடம் செய்த சோதனையில் இது தெரிந்தது. வெறும் தோலில் சீழ் உண்டாக்கப் பத்து லட்சம் அளவில் ஸ்டஃபைலோகாக்கஸ் தேவைப்பட்டது. பட்டு நூல் தையல் இருந்த இடத்தில் சில நூறே போதுமாயிருந்தது. சிம்மர்லி குழு 1982இல் கினிப் பன்றிகளின் தோலடியில் சிறு கூண்டுகளைப் பதித்துச் செய்த சோதனையும் இதையே காட்டியது. கூண்டுக்குள் 100 கிருமிகளே தொற்றைப் பிடிக்கவைத்தன. கூண்டு இல்லாத விலங்குகளில் 10 கோடி கிருமிகள் போட்டும் சீழ்க்கட்டி வரவில்லை. உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ சுற்றியிருக்கும் வெள்ளணுக்கள் களைத்துப்போவதுதான் இதற்கு முக்கியக் காரணம். அந்தப் பரப்பில் பயோஃபிலிம் படர்ந்ததும், அதன் உள்ளடுக்குகளில் ஆக்சிஜனும் உணவும் குறைகின்றன. மெதுவாக வளர்பவைக்கு அது ஏற்ற இடம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பெர்சிஸ்டர் செல்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை ஒரு கூட்டத்தில் தற்காலிகமாக உறங்கும் சில செல்கள். மருந்து போனதும் விழித்து, சாதாரணக் காலனியாகவே வளரும். எஸ்.சி.வி. தட்டில் சிறிய காலனியாகவே வளரும். நிலையான வகையாக இருந்தால் மறுபடி விதைத்தாலும் அதே உருவம்தான். ஒரே நோயாளியிடம் இரண்டும் இருக்கலாம். சிகிச்சையில் இரண்டுக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஆய்வகத்தில் பிரித்தறிய முடிந்ததை மட்டும் எழுதினால் போதும்.

படி 1: யாரைச் சந்தேகிப்பது?

எல்லா இம்ப்ளான்ட் தொற்றிலும் எஸ்.சி.வி. தேட வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்தால் தேடத்தான் வேண்டும்.

சரியான மருந்து, சரியான அளவு, போதுமான நாள் கொடுத்தும் தொற்று திரும்புவது. வலியும் லேசான வீக்கமும் மட்டும் இருந்து, காய்ச்சல் இல்லாமல் மாதக்கணக்கில் இழுப்பது. சீழ் தெரிகிறது, திசுப் பரிசோதனையில் நியூட்ரோஃபில்கள் (பாக்டீரியாவோடு போராடும் ஒரு வகை வெள்ளணு) நிறைந்திருக்கின்றன, ஆனால் கல்ச்சர் ‘வளர்ச்சி இல்லை’ என்று வருவது. முன்பு ஜென்டாமைசின் கலந்த எலும்பு சிமென்ட்டோ (மூட்டை எலும்போடு பிடிக்கவைப்பது) மருந்து மணிகளோ வைத்திருப்பது. டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாமெதாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக்கை நீண்ட நாள் சாப்பிட்டிருப்பது. முந்தைய கல்ச்சரில் ஆரியஸ் வந்து, இப்போது ‘கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் (ஆரியஸ் அல்லாத, பெரும்பாலும் தோலில் வாழும் வகை), அசுத்தமாக இருக்கலாம்’ என்று அறிக்கை வருவது.

கடைசியில் சொன்னதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஏன் என்று படி 5இல் வரும்.

ஜென்டாமைசின் விஷயம் ஒரு முரண். எலும்பு சிமென்ட்டில் இந்த மருந்தைக் கலக்கும் வழக்கத்தை அறுவை மருத்துவர் புக்ஹோல்ட்ஸ் 1970 வாக்கில் ஹாம்பர்க்கில் தொடங்கினார். தொற்றைத் தடுப்பதில் அதற்கு உண்மையான பயன் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் சிமென்ட்டிலிருந்து முதல் நாள்களில் மருந்து நிறைய வெளியேறும், பிறகு குறைந்த அளவில் வெகுகாலம் கசிந்துகொண்டே இருக்கும். அமினோகிளைகோசைடு உள்ளே போக முடியாத எஸ்.சி.வி. அந்தச் சூழலில் தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. ஃபான் ஐஃப் தலைமையிலான ஜெர்மன் குழு 1997இல், எலும்புத் தொற்றுக்காக ஜென்டாமைசின் மணிகள் வைக்கப்பட்டவர்களிடமிருந்து இந்த வகையைப் பிரித்தெடுத்துக் காட்டியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1995இல், புரொக்டரும் சகாக்களும் திரும்பத் திரும்ப வரும் தொற்றையும் எஸ்.சி.வி.யையும் இணைத்து எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையை மறுபடி எழுப்பியது.

சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு; இ.எஸ்.ஆர். இன்னொன்று) இயல்பாக இருக்கிறதே, தொற்று இல்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. மந்தமான தொற்றில் சி.ஆர்.பி.யும் இ.எஸ்.ஆரும் இயல்பு எல்லைக்குள்ளேயே இருக்கலாம். முழங்கால், இடுப்பு மூட்டுகளில் நீர் எடுத்துச் செல்களை எண்ணுவது அதைவிட நம்பகமானது. ஐரோப்பிய எலும்பு-மூட்டுத் தொற்றுச் சங்கத்தின் 2021 வரையறைப்படி, மூட்டு நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்தாலோ, அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் நியூட்ரோஃபில்களாக இருந்தாலோ தொற்று உறுதி. 1500க்கும் 3000க்கும் இடைப்பட்டால் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். அறுவை முடிந்த புதிதில் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

படி 2: மாதிரி எடுக்கும் முன்

நோயாளி நிலையாக இருந்தால், மாதிரி எடுப்பதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்த வேண்டும். ரத்தத்தில் தொற்று பரவி ரத்த அழுத்தம் சரிகிறது என்றால் இந்த விதி செல்லாது; அங்கே உயிர்தான் முதலில். மற்றபடி இந்த இரண்டு வாரக் காத்திருப்பில் சமரசம் செய்யாமல் இருப்பது நல்லது. நோயாளிக்கு இது பயமாகத்தான் இருக்கும். மருந்தை நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். காய்ச்சலோ வலியோ திடீரென்று ஏறினால் உடனே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்ப வேண்டும்.

அப்புறம் பரிசோதனைப் படிவம். ‘பஸ், சி/எஸ்’ (சீழ், கல்ச்சரும் மருந்துச் சோதனையும்) என்று மட்டும் எழுதி அனுப்பினால், ஆய்வகம் அதற்கேற்றதைத்தான் செய்யும். இம்ப்ளான்ட் என்ன, எப்போது வைத்தது, என்னென்ன ஆன்டிபயாடிக் எத்தனை நாள், கடைசி டோஸ் எப்போது, முந்தைய கல்ச்சர் முடிவு என்ன, எஸ்.சி.வி. சந்தேகம் உண்டா என்று எழுதுங்கள். படிவத்தில் இடமில்லை என்றால் போன் செய்யுங்கள். ஒரு போன் அழைப்பில் ஒரு தட்டு கூடுதலாக ஒரு வாரம் இன்குபேட்டரில் இருக்கும்.

படி 3: மாதிரி எடுப்பது

தோலில் திறந்திருக்கும் புரையிலிருந்து (உள்ளிருந்து சீழ் கசியும் துளை) ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் மாதிரி, எடுக்காதீர்கள். அதில் கிடைப்பது பெரும்பாலும் தோலில் குடியிருப்பவை. உள்ளே இருப்பதைப் பற்றி அது சொல்வது குறைவு.

அறுவை சிகிச்சையின்போது, இம்ப்ளான்ட்டைச் சுற்றிய வெவ்வேறு இடங்களிலிருந்து 5 அல்லது 6 திசுத் துண்டுகளை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனிப் புட்டி. இத்தனை எதற்கு? தோல் கிருமி ஒன்று ஒரே ஒரு மாதிரியில் வந்தால் அது அசுத்தமா தொற்றா என்று தீர்மானிக்க முடியாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாதிரிகளில் அதே கிருமி வந்தால் நம்பலாம். எஸ்.சி.வி.யில் இந்த விதிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரே கிருமி ஒரு மாதிரியில் பெரிய காலனியாகவும் இன்னொன்றில் சிறிய காலனியாகவும் வந்து, இரண்டு வேறு கிருமிகள் போலத் தோன்றலாம். அப்படி வந்தால், அவை உண்மையில் ஒன்றுதானா என்று பார்க்காமல் ‘ஒவ்வொன்றும் ஒரே மாதிரியில்தான்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஒரு துண்டு திசுநோய்க்கூறு பரிசோதனைக்கும் (திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பது) போக வேண்டும். கல்ச்சர் வெறுமையாக வந்தால், தொற்று இருக்கிறது என்று நிரூபிக்க அதுவே கையில் இருக்கும் சாட்சி.

இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டால் அதையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பயோஃபிலிமில் ஒட்டியிருக்கும் கிருமிகளை ஒலி அலைகளால் உதிர்த்தெடுக்கும் சோனிகேஷன் முறை இங்கே பெரிய உதவி. டிராம்புஸ் குழு 2007இல் வெளியிட்ட முறையில், இம்ப்ளான்ட்டை இறுக்கமான புட்டியில் 400 மில்லி ரிங்கர் கரைசலோடு போட்டு, 30 வினாடி சுழற்றி, 5 நிமிடம் ஒலி அலையில் வைத்து, மறுபடி 30 வினாடி சுழற்றி, அந்தத் திரவத்தைக் கல்ச்சர் செய்தார்கள். இடுப்பு, முழங்கால் செயற்கை மூட்டுகளில் திசுக் கல்ச்சர் 60.8 சதவீதம் தொற்றுகளைப் பிடித்த இடத்தில் இது 78.5 சதவீதத்தைப் பிடித்தது. அறுவைக்கு முந்தைய 14 நாள்களுக்குள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிது: திசுக் கல்ச்சர் 45 சதவீதம், சோனிகேஷன் 75 சதவீதம். ஏற்கெனவே மருந்து சாப்பிட்டு அலுத்த நோயாளிகள்தான் எஸ்.சி.வி. சந்தேகத்தோடு வருகிறார்கள் என்பதால், இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இம்ப்ளான்ட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்ப வேண்டாம். பை ஓட்டையாகி வெளிக் கிருமிகள் புகும்.

படி 4: தட்டில் காத்திருப்பது

சரி, மாதிரி ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. ரத்த அகார், சாக்லேட் அகார், ஆக்சிஜன் இல்லாச் சூழலுக்கான அகார், ஒரு வளமான திரவ ஊடகம் ஆகியவற்றில் விதைக்கலாம். ஷேட்லர் அகார் கிடைத்தால் சேர்த்துக்கொள்வது நல்லது. அதில் ஊட்டப்பொருள்கள் தாராளம், எஸ்.சி.வி.கள் அதில் சாதாரண அளவிலேயே வளரக்கூடும். ஒரே மாதிரி ஷேட்லரில் செழித்து, ரத்த அகாரில் ஊசிமுனையாக வந்தால் அதுவே ஒரு துப்பு. ஒரு பகுதியை 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வையுங்கள். அந்த வாயு கூடுதலாக இருந்தால் மட்டுமே ஒழுங்காக வளரும் எஸ்.சி.வி.களும் உண்டு.

எத்தனை நாள்? எஸ்.சி.வி.க்காக மட்டும் என்றால் பெரும்பாலானவை 72 மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் இம்ப்ளான்ட் மாதிரியில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் போன்ற வேறு மெதுவான கிருமிகளும் இருக்கலாம். அவற்றுக்கு 14 நாள் வரை தேவைப்படும். அதனால் இரண்டையும் ஒரே அட்டவணையில் முடிக்கலாம்: தட்டுகள் 7 நாள், திரவ ஊடகமும் ஆக்சிஜன் இல்லாத் தட்டுகளும் 14 நாள். இடம் போதாத சிறிய ஆய்வகத்தில் எல்லா மாதிரிகளுக்கும் இது முடியாதுதான். படிவத்தில் இம்ப்ளான்ட் என்று எழுதி வந்தவற்றுக்காவது செய்யுங்கள்.

தட்டைப் படிக்கும் விதமும் மாற வேண்டும். நல்ல வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியோடு பாருங்கள். பெரிய காலனிகள் இருக்கும் தட்டில் அவற்றின் இடுக்கில் தூசி மாதிரி இருப்பவற்றையும் பாருங்கள். கலப்புக் கூட்டத்தில் சாதாரணக் காலனிகள் வேகமாகப் படர்ந்து எஸ்.சி.வி.யை மூடிவிடும். பெரியதை மட்டும் எடுத்து ‘ஒரே கிருமி, எல்லா மருந்துக்கும் கட்டுப்படுகிறது’ என்று அறிக்கை அனுப்பினால், மருத்துவர் அதை நம்பி மருந்து கொடுப்பார், நோயாளி மறுபடி வருவார்.

தட்டில் ஒரே உருவமாக இல்லாமல் பல அளவுகளில் காலனிகள் தெரிந்தால், மாதிரி அசுத்தமாகிவிட்டது என்று முதலில் தோன்றும். அந்த எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, ஒவ்வோர் அளவிலிருந்தும் ஒரு காலனியைத் தனியாக விதைத்துப் பாருங்கள்.

படி 5: அடையாளம் காண்பது

எஸ்.சி.வி. ஆளை ஏமாற்றுவது இங்கேதான். ஆரியஸைப் பிரித்தறிய, பிளாஸ்மாவை உறையவைக்கிறதா என்று பார்க்கும் கோயாகுலேஸ் சோதனை 4 மணி நேரத்தில் நெகட்டிவாக இருந்து, 18 மணி நேரத்துக்கு மேல் வைத்தால்தான் உறைவு தெரியலாம். ஹீம் தயாரிக்க முடியாத வகையில் கேட்டலேஸ் நொதியும் ஒழுங்காக இருக்காது, ஏனென்றால் அந்த நொதிக்குள்ளேயே ஹீம் இருக்கிறது. கேட்டலேஸ் சோதனையில் குமிழி பலவீனமாக வந்தால், அந்த நொதியே இல்லாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று தவறாக எண்ணத் தோன்றும். வழக்கமாக ஆரியஸ் மஞ்சளாக்கும் மானிட்டால் உப்பு அகாரில் நிறம் மாறாமல் இருக்கலாம். வேதிவினைகளை வைத்துப் பெயர் சொல்லும் தானியங்கிக் கருவிகள், கிருமி போதுமான வேகத்தில் வளரும் என்ற எதிர்பார்ப்பில் இயங்குபவை. அவை தவறான பெயரைத் தரலாம். இப்படித்தான் ஆபத்தான ஆரியஸ் ஒன்று அறிக்கையில் ‘தோல் கிருமி’ ஆகிப்போகிறது. நான் மேலே அழுத்திச் சொன்னது இதற்காகத்தான்.

கிருமியின் புரத அமைப்பை வைத்துப் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவி இருந்தால் வேலை எளிது. காலனி மிகச் சிறியது என்பதால் போதுமான பொருள் கிடைக்காமல் மதிப்பெண் குறையலாம். ஒருமுறை மறுபடி விதைத்துச் சேர்த்துச் செய்யுங்கள். அதுவும் சந்தேகமாக இருந்தால் ஜீன் சோதனை செய்யுங்கள்: 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. வரிசை, அல்லது ஆரியஸுக்கே உரிய நியூக் ஜீனுக்கான பி.சி.ஆர்.

இது எஸ்.சி.வி.தான் என்று உறுதிப்படுத்த, எந்தப் பொருள் இல்லாமல் தவிக்கிறது என்று பார்க்கலாம். முல்லர்-ஹின்டன் அகார் முழுவதும் கிருமியை விதைத்து, ஹீமின், மெனடயோன், தைமிடின் தோய்த்த டிஸ்குகளைத் தனித்தனியாக வைத்து, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். எந்த டிஸ்கைச் சுற்றிச் சாதாரண அளவில் வளர்ச்சி வருகிறதோ, அதுதான் குறை. எதைச் சுற்றியும் வராவிட்டால் எஸ்.சி.வி. இல்லை என்று அர்த்தமில்லை. காரணம் இந்த மூன்றில் அடங்கவில்லை, அவ்வளவுதான். ரத்த அகாரில் பலமுறை விதைத்தும் சிறியதாகவே இருக்கிறதா, சாதாரணத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் குறித்துவையுங்கள்.

ஆரியஸ், எபிடெர்மிடிஸ் தவிர எஷரிகியா கோலை, சூடோமோனாஸ் ஏருஜினோசா போன்றவற்றிலும் எஸ்.சி.வி. உண்டு. இடுப்புச் செயற்கை மூட்டில் கோலையின் சிறு காலனி வகை உண்டாக்கிய நாள்பட்ட தொற்று 1998இலேயே பதிவாகியிருக்கிறது. ஆக, இவை போன்ற கிராம் நெகட்டிவ் கிருமி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று விட முடியாது.

படி 6: சென்சிட்டிவிட்டி

எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்க்கும் இந்தச் சோதனையில், எஸ்.சி.வி.க்கென்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட தரமுறை இல்லை. வழக்கமான முறை, 16 முதல் 20 மணி நேரத்தில் முல்லர்-ஹின்டன் அகாரில் ஒரு பரப்பாக வளரும் கிருமியை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. எஸ்.சி.வி. அதில் ஒழுங்காக வளராது. மருந்து டிஸ்கைச் சுற்றி வளராத இடம் பெரிய தெளிவான வளையமாகத் தெரியும். அதை ‘மருந்துக்குக் கட்டுப்படுகிறது’ என்று படித்துவிடும் அபாயம் இருக்கிறது. ரத்தம் சேர்த்த முல்லர்-ஹின்டனில், 48 மணி நேரம் வைத்துப் படிப்பது நடைமுறையில் உதவும். அறிக்கையில் ‘தரப்படுத்தப்படாத முறை’ என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

மெத்திசிலின் எதிர்ப்பை (பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்குக் கட்டுப்படாமை) டிஸ்க் வளையத்தை வைத்து முடிவு செய்யாமல், அதற்குக் காரணமான மெக்-ஏ ஜீனைத் தேடுங்கள். டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா குறித்து இன்னும் கவனம் வேண்டும். தைமிடின் சார்ந்த வகை சீழிலிருக்கும் தைமிடினை எடுத்துக்கொண்டு பிழைக்கும் என்பதால், அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. ஜென்டாமைசினைப் பொறுத்தவரை முடிவு எப்படி வந்தாலும் எஸ்.சி.வி. தொற்றில் அதை நம்பிச் சிகிச்சை அமைக்காமல் இருப்பதே என் பரிந்துரை.

படி 7: சிகிச்சை

இந்தப் பகுதி பொதுவான விளக்கம். மருந்தின் பெயரும் அளவும் நாளும் நோயாளியைப் பார்க்கும் எலும்பு அறுவை மருத்துவரும் தொற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை.

எஸ்.சி.வி. உறுதியானால் மருந்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பது காலவிரயம். அறுவைதான் சிகிச்சையின் முதுகெலும்பு. இம்ப்ளான்ட்டை வைத்துக்கொண்டே சுற்றிலும் சுத்தம் செய்யும் முறை, அறிகுறி தொடங்கி 3 வாரத்துக்குள், இம்ப்ளான்ட் ஆடாமல், தோலில் புரை இல்லாமல், நல்ல மருந்து கிடைக்கும் கிருமிக்கு மட்டும் பொருந்தும். எஸ்.சி.வி. தொற்று பெரும்பாலும் மாதக்கணக்கில் ஓடியபின்தான் தெரியவரும் என்பதால் இந்த வாசல் மூடியிருக்கும். சிம்மர்லி, டிராம்புஸ், ஓக்ஸ்னர் மூவரும் 2004இல் வெளியிட்ட சிகிச்சைத் திட்டத்தில் எஸ்.சி.வி.யைக் கையாளக் கடினமான கிருமிகளின் பட்டியலில் வைத்தார்கள். அவர்கள் சொன்ன வழி: இம்ப்ளான்ட்டை முழுவதுமாக எடுத்து, இடையில் 6 முதல் 8 வாரம் ஸ்பேசர்கூட (மூட்டின் இடத்தில் தற்காலிகமாக வைக்கும் சிமென்ட் துண்டு) வைக்காமல் மருந்து கொடுத்து, பிறகு புதியதை வைப்பது. ஸ்பேசரும் ஓர் அந்நியப் பொருள்தானே என்பது அதன் பின்னுள்ள நியாயம். ஆனால் அத்தனை வாரம் மூட்டே இல்லாமல் இருப்பது நோயாளிக்குப் பெரிய கஷ்டம்; ஸ்பேசர் வைக்கும் மையங்களும் நிறைய உண்டு. வைப்பதானால் அதில் ஜென்டாமைசின் மட்டும் கலந்து வைப்பது எஸ்.சி.வி.க்கு எதிராகப் பெரிய பயன் தராது. பேஸ்மேக்கராக இருந்தால் பெட்டியோடு ஒயர்களையும் முழுக்க எடுக்க வேண்டும். ஒயரை விட்டுவைத்தால் தொற்று அங்கேயே இருக்கும்.

மருந்தில் முதலில் பேசப்படுவது ரிஃபாம்பிசின். பயோஃபிலிமிலும் செல்லுக்குள்ளும் மெதுவாக வளரும் ஸ்டஃபைலோகாக்கஸ் மீது வேலை செய்யும் சில மருந்துகளில் இது ஒன்று. 1998இல் வெளியான சிம்மர்லி குழுவின் சோதனையில், இம்ப்ளான்ட்டை வைத்துக்கொண்டே சிகிச்சை பெற்று அதை முழுவதும் முடித்தவர்களில் சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசின் சேர்த்த 12 பேரும் குணமானார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் எடுத்த 12 பேரில் 7 பேர்தான் குணமானார்கள். எண்ணிக்கை சிறியது என்பதை மறக்க வேண்டாம். 2020இல் நார்வேயிலிருந்து வந்த இன்னொரு சிறிய சோதனையில் ரிஃபாம்பிசின் சேர்த்ததால் பலன் தெரியவில்லை. ஆக, இது மந்திர மருந்து இல்லை. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸில் இதைவிட நல்ல துணை மருந்து இன்றுவரை கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலான வழிகாட்டுதல்களின் நிலை.

இதைப் பயன்படுத்துவதில் சில விதிகள் உண்டு. தனியாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது, ஒரே ஜீன் மாற்றத்தில் எதிர்ப்பு வந்துவிடும். கிருமிச் சுமை அதிகமாக இருக்கும்போது தொடங்காமல், அறுவை முடிந்து, காயம் உலர்ந்து, வடிகுழாய் எடுத்த பிறகு தொடங்க வேண்டும். துணை மருந்து கிருமியின் மேல் உண்மையில் வேலை செய்வதாக இருக்க வேண்டும். வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, சில வலிப்பு மருந்துகள், எச்.ஐ.வி. மருந்துகள் ஆகியவற்றின் அளவை ரிஃபாம்பிசின் ரத்தத்தில் குறைத்துவிடும்; நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் முன்பே கேட்டறிய வேண்டும். சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நள்ளிரவு போன் அழைப்பு ஒன்று குறையும்.

செல்லுக்குள் நன்றாகச் சேரும் மற்றவை ஃப்ளூரோகுவினோலோன்கள் (சிப்ரோஃப்ளாக்சசினின் குடும்பம்), கிளிண்டாமைசின். வான்கோமைசினும் பெனிசிலின் குடும்பமும் செல்லுக்குள் அவ்வளவாகப் போவதில்லை. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் வெளியே திரியும் கிருமிகளை ஒடுக்க அவை தேவைப்படும். வாய்வழி மருந்து போதுமா என்ற கேள்விக்கு 2019இல் பிரிட்டனிலிருந்து வந்த, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற சோதனை ஓரளவு பதில் சொன்னது: எலும்பு, மூட்டுத் தொற்றில் முதல் ஆறு வாரம் நன்கு தேர்ந்தெடுத்த வாய்வழி மருந்து ஊசிக்குக் குறைந்ததில்லை. எத்தனை வாரம் என்பதில் பிரான்சில் நடந்த, 2021இல் வெளியான சோதனை முக்கியமானது. செயற்கை மூட்டுத் தொற்றில் 6 வாரச் சிகிச்சையில் 18.1 சதவீதம் பேருக்குத் தொற்று தொடர்ந்தது. 12 வாரத்தில் 9.4 சதவீதம். இவை எஸ்.சி.வி.க்கென்று தனியாக நடந்தவை இல்லை. ஆனால் பொதுவான தொற்றுக்கே 6 வாரம் போதவில்லை என்றால், எஸ்.சி.வி.யில் குறைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

படி 8: பின்தொடர்தல்

மருந்து முடிந்த அன்று சி.ஆர்.பி. இயல்பாக இருந்தால் கோப்பை மூடிவிடக் கூடாது. எஸ்.சி.வி. செல்லுக்குள் அமைதியாக இருந்து, மருந்தின் அழுத்தம் நீங்கியபின் சாதாரண உருவத்துக்குத் திரும்பி, நச்சு சுரந்து, சீழ் உண்டாக்கும். இதைத்தான் நோயாளி ‘திரும்ப வந்துவிட்டது’ என்கிறார். அதனால் முதல் ஆண்டில் சில மாதத்துக்கு ஒருமுறை, பிறகு குறைந்தது இரண்டாம் ஆண்டு முடியும்வரை பார்ப்பது நியாயம். புதிதாகத் தொடங்கும் இரவு வலி, எக்ஸ்-ரேயில் இம்ப்ளான்ட்டைச் சுற்றி அகலமாகும் கறுப்புக் கோடு, தழும்பில் மறுபடி கசிவு, இவற்றில் எது வந்தாலும் மாத்திரை எழுதும் முன் மாதிரி எடுக்க வேண்டும். மாதிரி எடுக்காமல் அனுமானத்தில் ஒரு ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்து அனுப்புவதுதான் இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அடுத்த கல்ச்சரைக் கெடுப்பதும் அதுதான்.

நோயாளியோ குடும்பத்தாரோ மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாத கேள்விகள் சில: என் கல்ச்சரை எத்தனை நாள் வைத்துப் பார்த்தார்கள்? மாதிரி எடுக்கும்போது நான் ஆன்டிபயாடிக்கில் இருந்தேனா? எத்தனை துண்டு எடுத்தார்கள்? எடுத்த இம்ப்ளான்ட்டைச் சோதித்தார்களா? பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள். மருத்துவமனை மாறும்போது புதிய மருத்துவருக்கு ‘கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை’ என்ற வாய்மொழியைவிட அந்தக் கோப்பு பல மடங்கு பயன்படும்.

ஆய்வகத்துக்கும் ஒரு கடைசி வேலை உண்டு. இம்ப்ளான்ட்டிலிருந்து கிடைத்த ஒவ்வொரு கிருமியையும், பெரிய காலனி சிறிய காலனி இரண்டையும் தனித்தனிக் குப்பியில், கிளிசரால் சேர்த்து மைனஸ் 70 டிகிரியிலோ அதற்குக் கீழோ உறையவைத்து, லேபிளில் தேதியும் மாதிரி எடுத்த இடமும் எழுதிவையுங்கள். ஓராண்டு கழித்து அதே நோயாளியின் மூட்டிலிருந்து மறுபடி ஸ்டஃபைலோகாக்கஸ் வந்தால், இரண்டின் ஜீன் வரிசையையும் ஒப்பிட்டுப் பழைய கிருமியா புதியதா என்று சொல்லலாம். பழையது என்றால் முந்தைய அறுவையில் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது. புதியது என்றால் கிருமி வேறு வழியாக வந்திருக்கிறது. அடுத்த அறுவை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இந்தத் தகவல் தேவைப்படும்.